தோடா, சப்பாத்தா?

பிறந்தநாள் என்பது எங்கள் ஊரில் ஒரு பெரிய காரியமாக இருக்கவில்லை. விடிய எழும்பித் தலைக்குத் தோய்ந்து, கோயிலில் ஓர் அர்ச்சனை செய்து, வீட்டுக்கு வந்தால் அம்மா வைத்த பாயாசம். வசதி இருந்தால் ஒரு புதுச் சட்டை. அவ்வளவுதான். வன்னியில் வளர்ந்த எங்களுக்குச் சில வருடங்களில் பிறந்தநாள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

ஜேர்மனிக்கு வந்த பிறகு பார்த்தால் எல்லாம் தலைகீழ். எங்கள் ஆட்களில் சிலர் மண்டபம் எடுத்து, மூன்று தட்டுக் கேக் வெட்டி, வீடியோவும் எடுக்கிறார்கள். ஜேர்மன்காரர் வீட்டிலேயே ஆறேழு பிள்ளைகளைக் கூப்பிட்டு, கண்ணைக் கட்டிப் பானையைத் தேடித் தட்டுகிற விளையாட்டு விளையாடி, மாலை ஆறு மணிக்கு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று முழிப்பது எங்களைப் போலப் புதிதாகக் குடியேறிய குடும்பங்கள்தான். கையில் காசு அளவோடு இருக்கும். வெறுங்கையோடும் போக முடியாது. என்னத்தை வாங்குவது?

அதிலும், "இது என்ன பெட்டைப் பிள்ளையா, பெடியனா?" என்று எல்லோரும் கேட்கிற ஒரு சிறுமிக்கு என்னத்தை வாங்குவது? நாங்கள் இரண்டு வருடம் இந்தக் கேள்வியோடு கிடந்தோம். எங்களைப் போன்ற வேறு குடும்பங்களுக்கும் உதவும் என்று எண்ணித்தான் இதை எழுதுகிறோம். நாங்கள் சாதாரணதரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் ஒரு குசினி

எங்கள் மருமகள், அதாவது அக்காவின் மூத்த மகள், இங்கேதான் பிறந்தவள். நடக்கத் தொடங்கிய நாள்முதல் ஓட்டம்தான். முழங்காலில் எப்போதும் ஒரு காயம் இருக்கும். சட்டை போட்டுவிட்டால் ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டுக் காற்சட்டையோடு வருவாள். பின்னலை அவிழ்த்து எறிவாள். பூங்காவில் பெடியன்கள் பந்தடிக்கும் இடத்தில்தான் அவளைத் தேட வேண்டும். "உவளுக்கு ஒரு வடிவு, ஒரு அடக்கம் எண்டு ஒண்டும் இல்லை" என்று அக்கா சொல்லாத நாள் இல்லை.

அவளுடைய எட்டாவது பிறந்தநாளுக்கு நாங்கள் ஒரு விளையாட்டுக் குசினி வாங்கிக் கொடுத்தோம். ரோஸ் நிறம். அடுப்பு, சட்டி, கோப்பை, தட்டு என்று முப்பது சாமான். விலை 59 யூரோ. நாங்கள் இருவரும் கார் உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். அந்தக் காசு ஒரு சனிக்கிழமை மேலதிகமாக நின்று உழைத்த காசு. பெட்டியைப் பிரித்தவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "டாங்கே மாமா, டாங்கே மாமி, நல்ல வடிவு" என்றாள். நாங்களும் நம்பிவிட்டோம்.

மூன்று மாதம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது அடுப்பு அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்தது. கோப்பைகள் மட்டும் பாவனையில் இருந்தன. வாசல் நடையில் அவற்றை ஓர் அடிக்கு ஒன்றாகக் கவிழ்த்து வைத்து, அவற்றுக்கு இடையால் பந்தை வளைத்து வளைத்துக் கொண்டு போய்க் கொண்டிருந்தாள் மருமகள். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு வரவில்லை.

அன்றைக்கு ஒன்றை விளங்கிக் கொண்டோம். அந்தப் பரிசு அந்தப் பிள்ளைக்காக வாங்கியது அல்ல. நாங்கள் மனதில் வைத்திருந்த வேறு ஏதோ ஒரு பிள்ளைக்காக வாங்கியது. எட்டு வயதுப் பிள்ளை எங்கள் மனம் நோகக்கூடாதென்று பொய் சொல்லியிருக்கிறது. அகதிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் வெள்ளென வந்துவிடுகிறது. தாய் தகப்பன் படும் பாடு அவர்களுக்குத் தெரியும். "என்ன வேணும்?" என்று கேட்டால் "ஒண்டும் வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள்.

கேட்காமல் பார்த்தோம்

ஒன்பதாவது பிறந்தநாள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே அக்கா தொலைபேசி எடுத்தா. "தாய்மாமன் நீ. இந்த முறை ஒரு சோடி தோடு வாங்கிக் குடு. விளையாட்டுச் சாமான் வாங்கிக் காசைக் கரியாக்காதை" என்றா. அவ சொன்னதிலும் நியாயம் இருந்தது. காதுகுத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் தாய்மாமன்தானே முன்னுக்கு நிற்க வேண்டும். தங்கம் கொடுத்தால் அது என்றைக்கும் கிடக்கும். ஆனால் ஏற்கெனவே காதில் கிடக்கும் தோட்டையே இழுத்து இழுத்துப் பார்க்கும் பிள்ளைக்கு இன்னொரு தோடா?

இந்த முறை அவளிடம் ஒன்றும் கேட்காமல், அவளைக் கவனித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். வார இறுதிகளில் அவளைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போகும் வேலையை நாங்கள் எடுத்துக் கொண்டோம். இரண்டு கிழமையில் கண்டது இதுதான்: அவளுடைய பள்ளிச் சப்பாத்தின் முன்பக்கம் பிய்ந்து போயிருந்தது. ஈரப் புல்லில் அவள் வழுக்கி வழுக்கி விழுந்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் விளையாட்டுக் கழகத்தின் மைதானம் ஒன்று இருக்கிறது. அந்தக் கம்பிவேலிக்குப் பக்கத்தில் வந்ததும் நடை நின்றுவிடும். உள்ளே அவள் வயதுப் பிள்ளைகள் ஒரே நிற உடுப்பில் பயிற்சி எடுப்பார்கள். அவர்களில் மூன்று பெட்டைகளும் இருந்தார்கள். "மாமா, அது என்ர வகுப்பு" என்று ஒருத்தியைக் காட்டுவாள். தனக்கும் சேர விருப்பம் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

ஒருநாள் பயிற்சியாளர் தாமாகவே வேலியடிக்கு வந்து கதைத்தார். எங்கள் டொச் அரைகுறை. மருமகள்தான் இடையில் நின்று மொழிபெயர்த்தாள். இரண்டு மூன்று தடவை காசு கட்டாமல் வந்து விளையாடிப் பார்க்கலாமாம். சிறுவயதுப் பிரிவுகளில் பெட்டைகளும் பெடியன்களும் ஒரே அணியில் ஆடலாமாம். பந்தடிச் சப்பாத்தும், கணுக்காலுக்கு மேலே கட்டும் கவசமும் வேண்டுமாம். கடைசியாக ஒன்று: சேர்வதற்கு தாய் அல்லது தகப்பன் கையெழுத்து வைக்க வேண்டும். இதை மொழிபெயர்க்கும்போது மட்டும் அவளுடைய குரல் இறங்கிவிட்டது.

ஒரு கோப்பித் தட்டின் கதை

இந்த யோசனையோடு வேலைக்குப் போனபோது, பொதியிடும் பகுதியில் எங்களோடு நிற்கும் ஒரு ஜேர்மன் அம்மாவிடம் விசயத்தைச் சொன்னோம். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவ. குசினிக் கதையைக் கேட்டுவிட்டு அவ சிரித்த சிரிப்பு இயந்திரச் சத்தத்தையும் மேவிக் கேட்டது.

அவ சொன்னது எங்களுக்குப் புதிய செய்தி. இந்த நாட்டிலேயே பெண்கள் பந்தடிப்பது ஒரு காலத்தில் தடைசெய்யப்பட்டிருந்தது. 1955ஆம் ஆண்டு ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கம், பெண்கள் அணிக்கு மைதானம் கொடுக்கக்கூடாது என்று தன் கழகங்களுக்குக் கட்டளை போட்டது. அந்த ஆட்டம் பெண்ணின் உடலுக்கும் அழகுக்கும் பொருந்தாதாம்! 1970ஆம் ஆண்டுதான் அந்தத் தடை நீங்கியது. 1989இல் ஜேர்மன் பெண்கள் அணி நோர்வேயை 4க்கு 1 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தது. அதற்குச் சங்கம் ஒவ்வொரு வீராங்கனைக்கும் என்ன பரிசு கொடுத்தது தெரியுமா? பூப்போட்ட ஒரு கோப்பித் தட்டுச் செட்!

"நீங்கள் குடுத்த குசினியும் அதே செட்தான்" என்று அவ பகிடி பண்ணினா. அந்த நாட்டுப் பெண்கள் பிறகு 2003இலும் 2007இலும் உலகக் கிண்ணத்தையே எடுத்தார்கள். எங்கள் ஆட்கள்தான் பெண்பிள்ளையைக் கட்டி வைக்கிறோம் என்று வெட்கப்பட்டுக் கொண்டிருந்த எங்களுக்கு, இங்கேயும் இது பாடுபட்டு வந்த உரிமைதான் என்று அறிந்ததும் ஒரு தெம்பு வந்தது.

அக்கா சொன்னது

சப்பாத்து வாங்கப் போகிறோம் என்று அக்காவிடம் முன்கூட்டியே சொன்னோம். தாய்க்குத் தெரியாமல் பிள்ளைக்கு ஒன்றைக் கொடுத்தால் அது பரிசாகாது. வீட்டுக்குள் சண்டையைத்தான் கொண்டு வரும்.

அக்கா முதலில் வழமையான காரணங்களைச் சொன்னா. வெயிலில் கறுத்துப் போவாள். காலில் தழும்பு விழுந்தால் பிறகு யார் பார்ப்பது? பெடியன்களோடு உருண்டு பிரண்டால் சனம் என்ன சொல்லும்? நாங்களும் விடாமல் பதில் சொன்னோம். கதை முற்றியது. அத்தான் எழும்பி வெளியே போய்விட்டார். கடைசியில் அக்கா ஒன்று கேட்டா: "நாளைக்குத் தலைமயிரையும் கட்டையா வெட்டப் போறன் எண்டு நிப்பாள். அப்ப நீங்களோ பதில் சொல்லப் போறியள்?"

மயிர் என்றதும் எங்களுக்கு வாயடைத்துவிட்டது.

2008, 2009 காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். அக்காவுக்கு அப்போது இருபது வயது. வளர்ந்த பெட்டைகள் இருந்த வீடுகளில் தாய்மார் நித்திரை கொள்ளவில்லை. வயது வர முன்பே அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்தார்கள். பிடித்துக்கொண்டு போனால் முதல் வேலை பின்னலை வெட்டுவது. தப்பி ஓடி வந்தாலும் கட்டைமயிர் காட்டிக் கொடுத்துவிடும். எல்லாம் முடிந்து இராணுவத்தின் பக்கம் வந்தபோதும், கட்டைமயிரோடு நின்ற பெட்டைகளைத்தான் வரிசையில் முதலில் மறித்தார்கள். அக்காவோடு படித்த ஒருத்தி அப்படிப் போனவள்தான். இன்றுவரை தகவல் இல்லை.

அக்கா பள்ளிக்கூடத்தில் ஓட்டக்காரி. இல்ல விளையாட்டுப் போட்டியில் நூறு மீற்றரில் அவவை யாரும் பிடிக்க முடியாது. அந்த அக்காவை அம்மா ஒருநாள் ஓட்டத்தை விடச் சொன்னா. "வேகமா ஓடுற பிள்ளை கண்ணில படும்" என்று. மகளுக்குப் பின்னல் வேண்டும், அடக்கம் வேண்டும் என்று அக்கா அடித்துச் சொல்வதை நாங்கள் இவ்வளவு காலமும் பழமைவாதம் என்றுதான் நினைத்திருந்தோம். அது பழமைவாதம் அல்ல, பயம். பதினைந்து வருடத்துக்கு மேலாகியும் இறங்காத பயம்.

நாங்கள் அதற்கு மேல் வாதாடவில்லை. "அக்கா, இஞ்ச ஒருத்தரும் பிள்ளையைப் பிடிக்க வராயினம்" என்று மட்டும் சொன்னோம். அவ பதில் சொல்லவில்லை. ஆனால் சப்பாத்து வாங்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிறந்தநாள் அன்று

சப்பாத்து 35 யூரோ, கவசம் 10 யூரோ. குசினியிலும் மலிவு! அதோடு ஒரு கடதாசியில் இப்படி எழுதி உறையில் வைத்தோம்: "கிழமையில் இரண்டு நாளும் மாமா அல்லது மாமி உன்னைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போவோம்." நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேறு வேறு முறையில் வேலை செய்கிறோம். ஒருவருக்குக் காலை வேலை என்றால் மற்றவருக்கு மாலை வேலை. ஆகவே எப்படியும் ஒருவர் நிற்போம். எங்கள் சின்னவனையும் தள்ளுவண்டியில் கொண்டுபோகலாம்.

பெட்டியைத் திறந்த மருமகள் சப்பாத்தைத் தொடவில்லை. முதலில் தாயின் முகத்தைத்தான் பார்த்தாள். அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. வீடு அமைதியாகிவிட்டது. சிறிது நேரத்தில் தேங்காய்ப்பூப் பாத்திரத்தோடு திரும்பி வந்தவ, "அளவு சரியோ எண்டு போட்டுப் பாரன். பிறகு கடைக்காரன் மாத்தித் தரமாட்டான்" என்றா. அவ்வளவுதான் சொன்னா. மருமகள் அன்று சப்பாத்தோடுதான் கேக் வெட்டினாள்.

கையெழுத்துக்கு இன்னும் இரண்டு கிழமை எடுத்தது. நிபந்தனையோடுதான் வைத்தா: பின்னல் வெட்டக்கூடாது, இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்குச் சில குறிப்புகள்

நாங்கள் தடுக்கி விழுந்து அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

1. இங்கே பிறந்தநாளுக்கு முன்பே வாழ்த்துச் சொல்லாதீர்கள். அது கூடாத சகுனம் என்று ஜேர்மன்காரர் நம்புகிறார்கள். பிந்திச் சொன்னால் குற்றமில்லை.

2. உங்கள் பிள்ளையை வகுப்புத் தோழர் அழைத்தால், பல விளையாட்டுச் சாமான் கடைகளில் அந்தப் பிள்ளையின் பெயரில் ஒரு பெட்டி இருக்கும். தனக்கு விருப்பமானவற்றைப் பிள்ளையே தெரிந்து அதில் போட்டிருக்கும். உங்கள் வசதிக்கு ஏற்ற ஒன்றை எடுத்துக் காசு கொடுத்தால் போதும். பரிசை எல்லோர் முன்னாலும் பிரிப்பார்கள். அது இங்கே மரியாதைக் குறைவு அல்ல.

3. ரசீதை எறியாதீர்கள். பழுதில்லாத பொருளைக் கடைக்காரர் திருப்பி எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டமில்லை. பலர் தயவில் எடுக்கிறார்கள். இணையத்தில் வாங்கினால் பெரும்பாலான பொருட்களை 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப உரிமை உண்டு.

4. பந்தடிச் சப்பாத்து வாங்கமுன் மைதானம் புல்லா, செயற்கைப் புல்லா என்று கேளுங்கள். இரண்டுக்கும் அடிக்கட்டை வேறு. அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்காதீர்கள். கால் உள்ளே வழுக்கிப் பிள்ளை விழும். பாவித்த நல்ல சப்பாத்து மலிவாகக் கிடைக்கும். ஆனால் சைக்கிள் தலைக்கவசத்தை மட்டும் பாவித்ததாக வாங்க வேண்டாம். உள்ளே வெடித்திருந்தால் வெளியே தெரியாது.

5. சைக்கிள் கொடுப்பதென்றால் மணி, முன்னுக்கு வெள்ளை விளக்கு, பின்னுக்குச் சிவப்பு விளக்கு, இரண்டு பிறேக் இருக்கிறதா என்று பாருங்கள். எட்டு வயது முடியும்வரை பிள்ளைகள் தெருவில் ஓடக்கூடாது, நடைபாதையிலோ தெருவிலிருந்து பிரித்துக் கட்டிய சைக்கிள் பாதையிலோதான் ஓட வேண்டும். பத்து வயது முடியும்வரை நடைபாதையில் ஓட அனுமதி உண்டு.

6. நீச்சல் வகுப்பும் நல்ல பரிசுதான். பிள்ளைகள் எடுக்கும் முதல் சின்னத்துக்குக் கடற்குதிரை என்று பெயர். கரையிலிருந்து குதித்து 25 மீற்றர் நீந்தி, தோளளவு தண்ணீரில் கிடக்கும் ஒரு பொருளைக் கையால் எடுக்க வேண்டும். பெட்டைப் பிள்ளைகளையும் அனுப்புங்கள். தண்ணீருக்குப் பெட்டை பெடியன் என்று தெரியாது.

7. வாடகை உதவி, பிள்ளைக்கான மேலதிகக் கொடுப்பனவு, சமூக உதவி, தஞ்சம் கோரியோருக்கான உதவி ஆகியவற்றில் ஒன்றைப் பெறும் குடும்பங்களின் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, விளையாட்டுக் கழகம், இசை வகுப்பு போன்றவற்றுக்கு மாதம் 15 யூரோ கிடைக்கும். நகரசபையிலோ உதவிப்பணக் கந்தோரிலோ "பில்டுங் உன்ட் டைல்ஹாபே" விண்ணப்பம் என்று கேளுங்கள். இது பிச்சை அல்ல, பிள்ளையின் உரிமை.

வேலிக்கு உள்ளே

முதற் போட்டி ஒரு சனிக்கிழமை காலை. அக்கா வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தா. ஆனால் குளிருக்குத் தடித்த மேலங்கியும் போட்டுக்கொண்டு, சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணியோடு வந்து சேர்ந்தா. ஆட்டம் தொடங்கமுன் பயிற்சியாளர் மருமகளின் காதைக் காட்டி ஏதோ சொன்னார். பந்தடி விதியில் எந்த நகையும் போடக்கூடாது, தோடும் கூடாது. "மேலால பிளாஸ்ரர் ஒட்டினால் காணாதோ?" என்று அக்கா கேட்டா. அதுவும் கூடாதாம்.

அக்கா குனிந்து தன் கையாலேயே இரண்டு தோட்டையும் கழற்றினா. பின்னலை இன்னொருமுறை இறுக்கினா. மகள் ஓடிவிட்டாள்.

நாங்கள் ஆட்டத்தையும் பார்த்தோம், அக்காவையும் பார்த்தோம். அவ ஒரு கையைப் பொத்தியபடியே கடைசிவரை நின்றா. மருமகளின் அணி 5க்கு 2 என்று தோற்றது. ஆனால் இரண்டாவது பாதியில் பந்தோடு கரையால் அவள் ஓடிய ஓட்டத்தை ஒருவரும் பிடிக்கவில்லை. அப்போது அக்கா, "ஓடு, ஓடு" என்று கத்தினா. தமிழில்தான் கத்தினா. பக்கத்தில் நின்ற தாய்மாரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் பொத்திய கையை விரித்துத் தோட்டை மகளின் காதில் போட்டுவிட்டா. உள்ளங்கையில் தோட்டின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. "உவளுக்கு என்ர கால்" என்றா எங்களிடம்.

அடுத்த பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று இப்போது எங்களுக்குக் குழப்பமில்லை. பிள்ளை நிற்கும் இடத்தில் நாங்களும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். விடை அங்கேதான் கிடக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்த வேலிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்களேன்.